அரசுகட்டிலும் பள்ளிக்கட்டிலும்: பைசாந்திய அரண்மனைப் பழிக்கதைகளைப் படிக்கும் முறை

தமிழில் ‘கட்டில்’ என்ற சொல் படுக்கையையும் குறிக்கும், அரியணையையும் குறிக்கும். ‘அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன்’ என்ற பெயரைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசின்) வரலாற்றுக்குள் புதிதாக நுழைகிறவருக்கு இந்த ஒரு சொல்லே நல்ல கைவிளக்கு. அதன் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) அரண்மனையில் அரசுகட்டிலும் பள்ளிக்கட்டிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஆண் வாரிசு இல்லாத காலத்தில் அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தவரே பேரரசரானார். அரசியின் ஒழுக்கத்தின் மேல் பழி விழுந்தால் அவர் பெற்ற பிள்ளையின் அரசுரிமை ஆட்டங்கண்டது. பேரரசர் மறுமணம் செய்துகொண்டால் அதற்குத் திருச்சபையின் தலைவர் தேவாலயக் கதவைச் சாத்தவும் துணிந்தார். எனவே அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கும் கள்ள உறவுக் கதைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய அரசியல் தேவைக்காக எழுதிவைக்கப்பட்டவை. அவற்றை எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது, தமிழில் எடுத்தெழுதும்போது எந்தச் சொல்லைக் கையாளுவது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

பட்டது ஓர் ஆப்பிளால்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய வாசகர் கூட்டத்தில் பேரரசி யூடோசியாவின் கதையை நடந்ததை நடந்தபடி சொல்வதுபோலச் சொன்னேன். இரண்டாம் தியோடோசியஸ் பேரரசர் திருக்காட்சி விழாவுக்குத் தேவாலயம் போகும் வழியில் ஏழை ஒருவர் மிகப் பெரிய பிரிஜிய ஆப்பிள் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுக்கிறார். பேரரசர் அவருக்கு 150 பொற்காசு கொடுத்துவிட்டுப் பழத்தை மனைவிக்கு அனுப்புகிறார். மனைவி அதைக் கால்நோவால் வீட்டில் கிடக்கும் உயர் அதிகாரி பவுலினஸுக்கு அனுப்புகிறார். பழம் எங்கிருந்து வந்தது என்று அறியாத பவுலினஸ், இவ்வளவு அரிய பொருள் பேரரசருக்கே உரியது என்று எண்ணி அவருக்கே அனுப்பிவைக்கிறார். பேரரசர் பழத்தை மறைத்துவைத்துக்கொண்டு மனைவியை அழைத்து, ‘நான் அனுப்பிய ஆப்பிள் எங்கே?’ என்று கேட்கிறார். ‘தின்றுவிட்டேன்’ என்று சத்தியம் செய்கிறார் யூடோசியா. பழம் வெளியே வருகிறது. பவுலினஸின் தலை போகிறது.

நான் முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெல்லச் சிரித்தபடி, “தம்பி, இது நம்ம பர்த்ருஹரி கதைதானே? அங்கே குதிரைக்காரன், இங்கே அதிகாரி” என்றார். மூப்பைப் போக்கும் கனி அரசனிடமிருந்து அரசிக்கும், அரசியிடமிருந்து அவள் காதலனுக்கும், அவனிடமிருந்து ஒரு தாசிக்கும் போய், கடைசியில் அரசன் கைக்கே திரும்பிவரும் அந்தக் கதையை விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு மட்டும் அன்று அது தோன்றவில்லை. ஒரு கதைக்கு இவ்வளவு அழகான வட்டம் அமைந்திருந்தால் சொல்லிச் சொல்லித் தேய்ந்து வந்த கதையோ என்று ஐயப்பட வேண்டும் என்ற முதல் பாடம் எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது.

இரண்டாவது பாடத்துக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு நிகழ்ச்சி எப்போது நடந்தது என்றும், வலப்பக்கம் அதை யார், எப்போது எழுதினார் என்றும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆப்பிள் கதையை இப்படிக் குறித்தால் இடப்பக்கம் 440 என்று வரும். பவுலினஸ் கொல்லப்பட்டது அந்த ஆண்டில். வலப்பக்கம் அந்தியோக்கியாவின் வரலாற்றாசிரியர் மலாலாஸ் பெயர் வரும். அவர் எழுதியது 6ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து. இடப்பக்கத்திலேயே இன்னொரு குறிப்பும் சேரும்: பவுலினஸ் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே யூடோசியா எருசலேமில் குடியேறினார், அங்கே பேரரசிப் பட்டம் பறிக்கப்படாமலேயே வாழ்ந்து 460இல் இறந்தார். கணவருக்குத் துரோகம் செய்ததாகத் தீர்மானிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அந்த அரண்மனை கொடுக்கக்கூடிய தண்டனைபோல இது தெரியவில்லை. ஒரு பெரிய அதிகாரி கொல்லப்பட்டார், பின்னர் அரசி ஊரைவிட்டுப் போனார் என்ற இரு உண்மைகளுக்கு இடையே இருந்த பள்ளத்தை ஊர்வாய் ஓர் ஆப்பிளை வைத்து நிரப்பியிருக்கிறது என்பதே என் கணிப்பு. இறக்கும்போது அவர் தாம் குற்றமற்றவர் என்று சத்தியம் செய்ததாகவும் மலாலாஸே எழுதுகிறார் என்பதைக் கதை சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள்.

குற்றம் எது என்று முதலில் பாருங்கள்

ஆண்டுகளைக் குறித்த பிறகு சட்டத்தைப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ‘மொய்கெயா’, ‘போர்னெயா’ என்ற இரு சொற்கள் வரும். இரண்டையும் ‘கள்ளக்காதல்’ என்று பெயர்த்தால் செய்தித்தாள் வாடை வந்துவிடும். அதோடு பொருளும் கெடும். மொய்கெயா என்பது மணமான பெண்ணை மையமாக வைத்த குற்றம். பிறன் மனைவியிடம் போவதையே வள்ளுவர் ஓர் அதிகாரமாக வைத்திருப்பதால் நமக்குப் ‘பிறன்மனை நயத்தல்’ என்ற சரியான சொல் கையிலேயே இருக்கிறது. மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு சேர்வது போர்னெயா. அது சிறிய பிழை. 8ஆம் நூற்றாண்டில் பேரரசர் மூன்றாம் லியோ வெளியிட்ட எக்லோகா என்ற சட்டத் தொகுப்பில் பிறன்மனை நயந்தவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் மூக்கறுப்பு. மணமான ஆண் வேறு பெண்ணோடு சேர்ந்தால் பன்னிரண்டு அடி, அவ்வளவுதான். ஆகவே பேரரசர் ஒருவருக்கு வைப்பாட்டி இருந்தார் என்று படித்தவுடன் அதுவே பெரிய ஊழலாகக் கருதப்பட்டிருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் அவளை மணந்து முடிசூட்ட முயன்றபோதுதான் ஊர் கொதித்தது.

பேரரசர் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கதை இதற்கு நல்ல சான்று. அவர் 795இல் மனைவி மரியாவைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிட்டு, அரண்மனைப் பணிப்பெண் தியோடோட்டியை மணந்து பேரரசியாக்கினார். அந்தப் பெண் துறவி ஸ்டூடியோஸ் தியோடோரின் உறவுக்காரி. அப்படியிருந்தும் தியோடோரே எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். மனைவி உயிரோடு இருக்கையில் நடந்த மணம் என்பதால் அதைப் பிறன்மனைக் குற்றத்தின் பெயராலேயே மொய்கியன் சர்ச்சை என்கிறார்கள். மணத்தை நடத்திவைத்த குருவை மன்னிக்கலாமா என்ற வழக்கு அடுத்த நூற்றாண்டுக்குள்ளும் இழுத்துக்கொண்டு போனது. இதனால் இளம் பேரரசரின் மதிப்பு சரிய, 797இல் பெற்ற தாய் ஐரீனே ஆட்சியைக் கைப்பற்றி அவருடைய கண்களைக் குருடாக்கச் செய்தார். பழியால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று கேட்டால் இங்கே விடை அரியணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எழுதியவர் யாருடைய உப்பைத் தின்றவர்?

9ஆம் நூற்றாண்டுப் பேரரசர் மூன்றாம் மிக்கேலுக்கு யூடோகியா இங்கெரினா என்ற காதலி இருந்தார். அவரை அரண்மனையிலேயே வைத்துக்கொள்வதற்காகத் தம் நெருங்கிய துணைவர் பேசிலைப் பழைய மனைவியிடமிருந்து பிரித்து யூடோகியாவை மணக்கச் செய்தார். 866 செப்டம்பரில் லியோ பிறந்தார். 867 செப்டம்பரில் பேசிலின் ஆட்கள் மிக்கேலைக் கொன்றார்கள். பேசில் தனிப் பேரரசரானார். லியோ யார் பிள்ளை?

தாளின் வலப்பக்கத்தில் இப்போது இரண்டு பெயர்களை எழுத வேண்டியிருக்கும். ஒன்று, பேசிலின் பேரன் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மேற்பார்வையில் எழுதுவித்த பேசிலின் வாழ்க்கை வரலாறு. அதில் மிக்கேல் குடிகாரர், கோமாளிகளோடு கூத்தடித்தவர். பேசில் தெய்வம் தேர்ந்தெடுத்தவர். யூடோகியாவின் பழைய உறவு பற்றிப் பேச்சே இல்லை. மற்றொன்று, லோகத்தேட் என்ற பதவிப் பெயரால் அறியப்படும் ஆண்டுக்குறிப்பு. அதில் லியோ மிக்கேலின் மகன் என்றே இருக்கிறது. இது உண்மையை உடைத்துச் சொல்கிறது என்று துள்ளிவிட வேண்டாம். இந்த நூல் லெகபேனோஸ் குடும்பத்துக்குச் சாதகமானது, அந்தக் குடும்பமோ கான்ஸ்டன்டைனை ஓரங்கட்டி ஆண்ட குடும்பம். ஒருவருக்கு முன்னோர் மேல் ஒரு கறையும் இருக்கக் கூடாது. மற்றவருக்கு அந்தக் குலமே கலப்படம் என்று காட்டியாக வேண்டும். இரு சாட்சிகளும் கட்சிக்காரர்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தை விட்டுவிட்டுச் செயலைப் பார்ப்பது பயன் தரும். பேசில் லியோவை வெறுத்து 883இலிருந்து மூன்று ஆண்டு அடைத்து வைத்தார். 886இல் பட்டத்துக்கு வந்த லியோ முதல் வேலையாக மிக்கேலின் உடலை எடுத்துவரச் செய்து, பேரரசர்களைப் புதைக்கும் புனித அப்போஸ்தலர் ஆலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார். பெற்ற தந்தைக்குச் செய்த கடனா, அல்லது கொலையில் தொடங்கிய ஆட்சியின் கறையைக் கழுவும் சடங்கா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. நான் இந்த இடத்தில் தீர்ப்பு எழுதுவதில்லை; ஊர் ஐயப்பட்டது என்பது உறுதி, பிறப்பு உறுதியில்லை என்று எழுதி நகர்ந்துவிடுவேன்.

இந்த லியோவே பின்னால் மூன்றாம் திருமணத்தைக் கண்டித்துச் சட்டம் போட்டுவிட்டுத் தாமே மூன்றாம் மணமும், ஆண் வாரிசுக்காக நான்காம் மணமும் செய்துகொண்டவர். நான்காமவர் ஸோயி கர்போனோப்சினா. பெயரின் பொருள் கரிய விழியாள். மணத்துக்கு முன்பே 905இல் மகன் பிறந்தார். தாயைப் பிரிந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு திருச்சபைத் தலைவர் நிக்கோலாஸ் 906 ஜனவரி 6 அன்று குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பேரரசரோ பிரிந்த கையோடு அந்தப் பெண்ணை அழைத்துவந்து மணந்துகொண்டார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் அன்று ஹாகியா சோபியா தேவாலயத்தின் வாயிலில் பேரரசரை உள்ளே விடாமல் நிறுத்தினார் நிக்கோலாஸ். மறு ஆண்டு அவர் பதவி போயிற்று. 920இல் திருச்சபை நான்காம் மணத்தை அடியோடு தடைசெய்தது. தாத்தா பேசிலின் வரலாற்றை எழுதுவித்த ஏழாம் கான்ஸ்டன்டைன் இந்தக் குழந்தைதான். அவர் ஏன் அவ்வளவு கவனமாக எழுதுவித்தார் என்று இப்போது புரியும்.

அடைத்த கதவுக்குப் பின்னால் நின்றவர் யார்?

6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோபியஸிடம் வந்தால் நிதானம் கூடுதலாகத் தேவை, ஏனெனில் மனிதர் நன்றாக எழுதுகிறார். 527 முதல் தளபதி பெலிசாரியஸின் செயலாளராக இருந்தவர். போர்களைப் பற்றி ஒரு பெரிய நூல், பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய கட்டடங்களைப் பற்றி ஒரு புகழ்மாலை, 550ஐ ஒட்டி மறைவாக எழுதிய ‘அனெக்டோடா’ என மூன்று அவருடையவை. மூன்றாவது நூல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1623இல் அச்சேறியது.

அதில் பெலிசாரியஸின் மனைவி அந்தோனினா, கணவர் ஞானஸ்நானம் செய்வித்து வளர்ப்பு மகனாக ஏற்ற தியோடோசியஸ் என்ற இளைஞரோடு உறவு கொள்கிறார். பெலிசாரியஸ் படையெடுத்துப் பிடித்த வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் நிலத்தடி அறை ஒன்றில் கணவர் இருவரையும் கண்டுவிடுகிறார். அந்தோனினா பதறவில்லை, கொள்ளைப் பொருளில் மிக விலையுயர்ந்ததைப் பேரரசர் காதுக்கு எட்டாமல் மறைத்துவைக்க இந்தப் பையனைத் துணைக்கு அழைத்துவந்தேன் என்கிறார். இளைஞரின் இடுப்புக்கச்சை அவிழ்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தும், பெலிசாரியஸ் நம்பியதாகக் காட்டிக்கொள்கிறார்.

இந்தக் காட்சியை வரிவரியாகக் கேள்வி கேட்டுப் பழகுங்கள். அறையில் இருந்தவர் மூவர். மூவரில் எவர் புரோகோபியஸிடம் இதைச் சொல்லியிருப்பார்? அவர் அந்தப் படையெடுப்பில் உடன் இருந்தவர், கார்த்தேஜிலும் இருந்தவர். ஆகவே ஊழியர் குடியிருப்பில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கும். உறவு பற்றிய பேச்சு படைக்குள் உலவியது என்பதுவரை நம்பலாம். அவிழ்ந்த கச்சை அவர் பேனாவிலிருந்து வந்தது.

ஜஸ்டினியனின் மனைவி தியோடோராவைப் பற்றிப் புரோகோபியஸ் எழுதுவதை இன்னும் நுட்பமாகப் பிரிக்க வேண்டும். மேடைப் பெண்ணாகவும் விலைமகளாகவும் இருந்தவர் என்ற அடிப்படைச் செய்திக்கு வேறிடத்தில் துணை இருக்கிறது. தியோடோராவின் பாதுகாப்பில் இருந்த சமயப் பிரிவைச் சேர்ந்த எபேசு யோவான், சிரியாக் மொழியில், பகைமை ஏதுமின்றி, அவர் பரத்தையர் இல்லத்திலிருந்து வந்தவர் என்கிறார். நண்பர் வாயிலிருந்து வந்த இந்த ஒரு சொல் பகைவரின் பத்துப் பக்கத்துக்குச் சமம். மேடைத் தொழிலை விட்டு மனம் திருந்திய பெண்கள் உயர்குடியினரை மணக்கலாம் என்று பேரரசர் முதலாம் ஜஸ்டின் 520களில் போட்ட சட்டமும் இதோடு பொருந்துகிறது. இவ்வளவும் திடமான தரை. மேடையில் அவர் செய்ததாக விவரிக்கும் ஆபாசங்கள் வசை இலக்கியம். ஜஸ்டினியனின் தலை இரவில் காணாமல் போய் உடல் மட்டும் உலாவியது என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பேரரசியான பிறகு தியோடோரா கணவருக்குத் துரோகம் செய்தார் என்று காட்ட இவ்வளவு பகை கொண்ட மனிதரிடம் ஒரே ஒரு வதந்திதான் இருந்தது: அரியோபிந்தஸ் என்ற அழகான பணியாளர் மேல் அவருக்கு ஆசை என்று பேச்சு எழுந்ததாம், அவரைச் சாட்டையால் அடிக்கச் செய்தாராம், பிறகு அவரை யாரும் காணவில்லையாம். ஜஸ்டினியனோ 535இல் வெளியிட்ட சட்டம் ஒன்றில், கடவுள் தந்த தம் துணைவியோடு கலந்து பேசியே முடிவெடுத்ததாக எழுதிவைத்திருக்கிறார். எதிரியின் மௌனமும் சாட்சிதான்.

கல்லையும் கண்ணாடித் துண்டையும் கேளுங்கள்

11ஆம் நூற்றாண்டுப் பேரரசி ஸோயியின் (இவர் முன்பு பார்த்த கரிய விழியாள் அல்லர்) காலத்துக்கு வரும்போது எழுத்தல்லாத சான்று ஒன்று கிடைக்கிறது. ஹாகியா சோபியாவின் தெற்கு மாடத்தில் நடுவே கிறிஸ்து வீற்றிருக்க, ஒருபுறம் பணப்பையோடு பேரரசரும் மறுபுறம் சுருளோடு பேரரசி ஸோயியும் நிற்கும் மொசைக் இருக்கிறது. பேரரசர் தலைக்கு மேல் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனின் பெயர். அருகே போய்ப் பார்த்தால் அந்தப் பெயர் முன்பு இருந்த வேறொரு பெயரைப் பெயர்த்துவிட்டு, இருந்த இடத்துக்குள் நெருக்கி அடைத்தது என்று தெரியும். ஸோயி கையிலுள்ள சுருளிலும் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. மூன்று முகங்களும் மறுபடி பதிக்கப்பட்டவை. முந்தைய கணவரின் உடலில் புதிய கணவரின் தலை! பேசில் தொடங்கிவைத்த மாசிடோனியக் குலத்தின் கடைசிப் பெண்களில் ஒருவரான ஸோயியை மணப்பதே பேரரசர் பதவிக்கு வழியாக இருந்தது என்பதை எந்த நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தக் கான்ஸ்டன்டைன் 1042இல் ஸோயியை மணந்தபோது ஏற்கெனவே மரியா ஸ்க்லெரைனா என்ற காதலி இருந்தார். மிக்கேல் ப்செல்லோஸ் அந்த அரசவையிலேயே பணியாற்றியவர். அவர் சொல்வதைப் பார்த்தால் ஸோயி இதற்கு இசைந்தார், நட்பு ஒப்பந்தம் ஒன்றும் முறையாக எழுதப்பட்டது. ஊர்வலம் ஒன்றில் ஸ்க்லெரைனா கடந்து போகையில் யாரோ ஹோமரின் இரண்டு சொற்களை முணுமுணுத்தார். ஹெலனைக் கண்ட டிராய் முதியவர்கள், இவளுக்காகப் போரிடுவதில் பழியில்லை என்று சொல்லும் இடம். ஸ்க்லெரைனாவுக்குப் பொருள் விளங்காமல் பிறகு கேட்டறிந்து பூரித்துப் போனாராம். அவை இப்படிப் புகழ்ந்துகொண்டிருக்க, தெரு வேறாக இருந்தது. 1044 மார்ச் 9 அன்று பேரரசர் ஊர்வலம் புறப்படுகையில், ஸ்க்லெரைனா எங்களுக்குப் பேரரசியாக வேண்டாம், எங்கள் தாய்மார் ஸோயியும் (அவர் தங்கை) தியோடோராவும் அவளால் சாகக் கூடாது என்று கூட்டம் கத்தியதாக வரலாற்றாசிரியர் ஸ்கிலிட்ஸெஸ் எழுதுகிறார். சகோதரியர் இருவரும் மேலிருந்து முகம் காட்டியதும்தான் கூச்சல் அடங்கியது. மக்களை ஆத்திரப்படுத்தியது அந்த உறவல்ல, அரச குலத்தின் கடைசிக் கொழுந்துகளுக்கு வந்த ஆபத்து.

பழி எப்போதும் யார் தலையில் முடிகிறது என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 969 டிசம்பரில் பேரரசர் இரண்டாம் நிக்கேபோரோஸ் படுக்கையறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொலைக்குத் தலைமை தாங்கிய யோவான் ட்ஸிமிஸ்கெஸ், அரசி தியோபானோவின் காதலர் என்று சொல்லப்பட்டவர். திருச்சபைத் தலைவர் போலியூக்டோஸ் விதித்த நிபந்தனையின்படி அரசி தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். வெட்டியவர் முடி சூட்டிக்கொண்டார்.

எழுதும்போது

இவ்வளவையும் பிரித்துப் பார்த்த பின் எழுத உட்கார்ந்தால், தமிழ் நமக்கு ஒரு பெரிய வசதி செய்து தந்திருப்பது தெரியும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகச் சொல்ல நம் வினைமுற்றின் கடைசியில் ஓர் ‘ஆம்’ போதும். ஆனால் அதைப் பத்தி முழுவதும் தூவினால் திண்ணை வம்பாகிவிடும். உறுதியானதை நேர் வினையிலும், பெயர் தெரிந்த சாட்சியின் கூற்றை ‘என்கிறார்’ என்றும், ஊர்ப்பேச்சை மட்டும் ‘ஆம்’ சேர்த்தும் எழுத வேண்டும். ஸோயியின் முதல் கணவர் மூன்றாம் ரோமானோஸின் சாவை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: “காமவெறி கொண்ட ஸோயி, கள்ளக்காதலன் மிக்கேலோடு சேர்ந்து கணவரை விஷம் வைத்துப் பலவீனப்படுத்திக் குளியலறையில் மூழ்கடித்துக் கொன்றாள்.” இதில் உறுதியான செய்தி ஒன்றுகூடத் தனியாக நிற்கவில்லை. பிறகு அதைக் கிழித்துவிட்டு எழுதியது இது:

“ரோமானோஸ் நெடுநாள் நோய்க்குப் பின் 1034 ஏப்ரல் 11 அன்று அரண்மனைக் குளியல் அறையிலிருந்து தூக்கிவரப்பட்டுச் சிறிது நேரத்தில் இறந்தார். அன்று இரவே ஸோயி, திருச்சபைத் தலைவர் அலெக்ஸியோஸை வரவழைத்து இளைஞர் மிக்கேலை மணந்தார்; இதற்காக அலெக்ஸியோஸுக்கு ஐம்பது இராத்தல் பொன்னும் குருமாருக்கு மேலும் ஐம்பதும் கொடுக்கப்பட்டன என்கிறார் ஸ்கிலிட்ஸெஸ். இறுதி ஊர்வலத்தில் உடலைத் தம் பதின்ம வயதில் நேரில் கண்ட ப்செல்லோஸ், முகம் வீங்கி அடையாளம் மாறியிருந்தது என்கிறார். உடனிருந்த சிலர் தலையை நீருக்குள் அழுத்திப் பிடித்தார்களாம். புதிய பேரரசரின் அண்ணன், ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி யோவான், நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஸோயி காவலுக்குள் வைக்கப்பட்டார்.”